டிக் மில்லர்

டிக் மில்லர் (25 டிசம்பர் 1928 – 30 ஜனவரி 2019) ஓர் அமெரிக்கத் திரைப்பட நடிகர். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தவர். ரோஜர் கோர்மன், ஜோ டான்டே ஆகியோர் இயக்கிய திகில், நகைச்சுவைப் படங்களில் ஏற்ற சிறு வேடங்களுக்காக அறியப்படுகிறார். 150-க்கும் மேற்பட்ட படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்துள்ளார். பெயர் தெரியாவிட்டாலும் முகத்தைப் பார்த்ததும் ரசிகர்கள் கண்டுகொள்ளும் நடிகர் இவர். இவரைப் பற்றி 2014-இல் வந்த ஆவணப்படத்தின் தலைப்பே "அந்த ஆள் டிக் மில்லர்" என்று பொருள்படும்.

திரை வாழ்க்கை

1950-களின் தொடக்கத்தில் எழுத்தாளராகும் எண்ணத்துடன் கலிபோர்னியாவுக்குச் சென்றார். அங்கு அறிமுகமான கோர்மனுக்குத் தேவைப்பட்டவர்கள் நடிகர்களே. 1955-இல் வெளியான "அப்பாச்சி வுமன்" இவரது முதல் படம். செலவைக் குறைக்க அதே படத்தில் செவ்விந்தியராகவும் வெள்ளையராகவும் இவரே நடித்தார்.

கதைநாயகனாக நடித்த சில படங்களில் முதன்மையானது "எ பக்கெட் ஆஃப் பிளட்" (1959). இதில் ஓவியர்களும் கவிஞர்களும் கூடும் காபிக் கடையில் மேசை துடைக்கும் வால்ட்டர் பெய்ஸ்லியாக வருகிறார். வீட்டுக்காரியின் பூனையைத் தவறுதலாகக் கொன்றுவிட்டு, அதன்மேல் களிமண் பூசி மறைக்கிறான் வால்ட்டர். அதைச் சிற்பம் என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள். அதுவரை யாரும் மதிக்காதவனுக்கு அந்தப் பாராட்டு போதையாகிவிட, அடுத்த சிற்பங்களுக்கு மனிதர்கள் பலியாகிறார்கள். வால்ட்டரைக் கொடியவனாகக் காட்டாமல் பாராட்டுக்கு ஏங்குபவனாக மில்லர் நடித்ததால்தான் படம் சிரிக்கவும் வைக்கிறது, வருந்தவும் வைக்கிறது.

ஏறத்தாழ 50,000 டாலர் செலவில் ஐந்தே நாள்களில் எடுக்கப்பட்ட படம் இது. சிலையாக மாற வேண்டிய வால்ட்டர், இறுதிக் காட்சியில் வெறும் சாம்பல் நிறப் பூச்சுடன் தொங்குகிறார். இந்தப் பணப் பற்றாக்குறை பற்றிய மனக்குறையை மில்லர் பின்னாளில் பேட்டிகளில் வெளிப்படுத்தியுள்ளார். மறு ஆண்டு வந்த "தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்" படத்தின் நாயக வேடம், முந்தையதைப் போலவே இருந்ததால் அதை மறுத்து, பூக்களுக்கு உப்புப் போட்டுத் தின்னும் வாடிக்கையாளராக நடித்தார். அதன்பின் பெரிய வேடங்கள் அரிதாகவே கிடைத்தன.

கோர்மனின் நிறுவனத்தில் முன்னோட்டக் காட்சிகளைத் தொகுத்துவந்த ஜோ டான்டே, தாம் இணைந்து இயக்கிய "ஹாலிவுட் பூல்வார்ட்" (1976) படத்தில் மில்லருக்கு மீண்டும் வால்ட்டர் பெய்ஸ்லி என்றே பெயரிட்டார். "தி ஹவ்லிங்" (1981) படத்தில் ஓநாய் மனிதர்களைப் பற்றி விளக்கும் புத்தகக் கடைக்காரர், "ட்விலைட் சோன்" (1983) படத்தில் உணவகக்காரர் ஆகியோருக்கும் அதே பெயர்தான். 1959-ஆம் ஆண்டுக் கதையில் வால்ட்டர் இறந்துவிட்டான் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

மில்லரைப் பரவலாக அறியச் செய்தது "கிரெம்லின்ஸ்" (1984). அதில் வெளிநாட்டு இயந்திரங்களைத் திட்டித் தீர்க்கும் அண்டை வீட்டுக்காரர் ஃபட்டர்மனாக வந்தார். 1990-இல் வந்த இரண்டாம் பாகத்திலும் அப்பாத்திரம் இடம்பெற்றது. "தி டெர்மினேட்டர்" (1984) படத்தில் அர்னால்ட் சுவார்சுநேகருக்குத் துப்பாக்கிகளை எடுத்துக் காட்டி, அவராலேயே சுடப்படும் கடைக்காரரும் இவரே. குவென்டின் டரான்டினோவின் "பல்ப் ஃபிக்சன்" (1994) படத்திலும் நடித்தார். ஆனால் அக்காட்சி படத்தொகுப்பில் நீக்கப்பட்டது.

மில்லர் தமது 90-ஆம் அகவையில் காலமானார். அவரது மறைவுக்குப் பின் வெளியான "ஹனுக்கா" (2019) படத்தில் யூத மதகுருவாக நடித்திருந்தார். அப்பாத்திரத்தின் பெயரும் வால்ட்டர் பெய்ஸ்லி.