சாவியைக் கொடுக்கும் முன்

பெரம்பலூரிலோ அரியலூரிலோ வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், வீட்டில் எத்தனை பேர் என்பதல்ல நமக்கு வரும் முதல் கேள்வி. “எந்த ஊரு?” என்று தொடங்கி “ஊரா, காலனியா?” என்பதில் வந்து நிற்கும். இதைத் தாண்டி வீடு கிடைத்தாலும் நிம்மதி இல்லை. ஊரிலிருந்து உறவினர் ஒருவர் வந்துபோனால் போதும், “எங்க தங்கச்சி குடும்பம் வருது, மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிக்குங்க” என்பார்கள். படிக்க வந்த பிள்ளைகளும் சிமென்ட் ஆலையின் ஒப்பந்தத் தொழிலாளர்களும் வம்பு எதற்கு என்று மூட்டையைக் கட்டிவிடுகிறார்கள். அப்புறம், “பதினோரு மாசம் முடியலையே, நீங்களாத்தானே போறீங்க” என்று அட்வான்ஸில் கை வைப்பார்கள்.

நாமாகப் போவது வேறு, போக வைக்கப்படுவது வேறு. சட்டமும் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

படிப்பு முடிந்தோ வேலை மாறியோ நாமாகப் போகிறோம் என்றால், ஒப்பந்தத்தில் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று பார்த்து, எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்க வேண்டும். மறுத்தால் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்தலாம். எழுத்தே இல்லாமல் மாத வாடகைக்கு இருப்பவருக்கு, 1882 சொத்து மாற்றுச் சட்டம் 106ஆம் பிரிவின்படி 15 நாள் முன்னறிவிப்பு போதும். மீதி மாதங்களின் வாடகை முழுவதையும் கேட்டால் பயப்பட வேண்டாம். ஒப்பந்தம் முறிந்தால் நியாயமான இழப்பீடுதான் என்கிறது 1872 ஒப்பந்தச் சட்டம். நாமே வேறு குடித்தனக்காரரைக் காட்டலாம். அடுத்த வாரமே அவர் குடிவந்துவிட்டால் உரிமையாளருக்கு என்ன நட்டம்?

2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கி போக மீதி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். அட்வான்ஸும் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. ஆனால் கூடுதலாகத் தருகிறேன் என்று நாமே ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தால் அது செல்லும். படிக்காமல் கையெழுத்துப் போட்டு நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஒத்திக்கு இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பணம் கைக்கு வரும் நாளே சாவி கைமாறும் நாளாக இருக்கட்டும்.

போக வைக்கப்பட்டால் கதையே வேறு. பட்டியல் சாதியினர் என்பதால் ஒருவரை வீட்டைவிட்டு வெளியேறச் செய்வது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. சாதியைச் சொல்லிக் காலி செய்யச் சொல்பவர் அரிது என்பதால் நிரூபிப்பது எளிதல்ல. எனவே வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். வாடகையை வங்கி வழியாகவே கட்டுங்கள். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால் அன்றே தேதியோடு குறித்து, வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று பின்வாங்கவும் வேண்டாம். பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சாதிச் சான்றிதழோடு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். தொலைபேசி எண் 15100.