கருமுட்டைத் தானம்: யாருக்குத் தகுதி?

பிள்ளைப்பேறு வாய்க்காத பெண்ணுக்கு இன்னொரு பெண் தன் கருமுட்டையைத் தருவதே கருமுட்டைத் தானம். யார் தரலாம்? இந்தியாவின் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. வயது 23க்குக் குறையக் கூடாது. 35ஐத் தாண்டவும் கூடாது. தொற்றுநோய்ப் பரிசோதனையும் எழுத்து மூலமான சம்மதமும் வேண்டும். ஆயுளில் ஒரே முறைதான்; எடுப்பதும் ஏழு முட்டைக்கு மேல் ஆகாது.

ஏன் இத்தனை கட்டுப்பாடு? பல நாள் ஊசி போட்டு முட்டைகளை முதிரச் செய்து, மயக்க மருந்து கொடுத்து எடுக்கிறார்கள். சிலருக்குச் சினைப்பை வீங்கி, அரிதாக உயிருக்கே ஆபத்தாகும். 2022இல் ஈரோட்டில், 16 வயதுச் சிறுமிக்குப் போலி அட்டையில் வயதைக் கூட்டிப் பலமுறை முட்டை எடுத்ததாக வழக்கு எழுந்தது.

ஆகவே பெற்றோர்களே, இரத்த தானம்போல எளிது என்று எவராவது பணம் காட்டி அழைத்தால் நம் பெண்பிள்ளைகளை அனுப்பிவிடக் கூடாது. முதலில் அரசாங்க மருத்துவரைக் கேட்போம்.