இன்டர்னல் மார்க்கை எப்போது பார்க்கிறீர்கள்?

சென்னீர்குப்பத்தில் ஆவடி சாலையோரம் காலையில் நின்றால் கல்லூரிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்க்கலாம். அவற்றில் போவது பூந்தமல்லியைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி மாணவர்களுக்காகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் ஓர் இணையதளம் நடத்துகிறது. பலர் அதை ரிசல்ட் அன்றுதான் திறக்கிறார்கள். அன்று எல்லோரும் ஒரே நேரத்தில் மொய்ப்பதால் தளம் திணறும்.

உண்மையில் அது செமஸ்டர் நடக்கும்போதே பார்க்க வேண்டிய இடம். வருகைப்பதிவும் இன்டர்னல் மதிப்பெண்ணும் அதில்தான் ஏறுகின்றன. 2021 விதிமுறைப்படி எழுத்துப் பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. மொத்தத்தில் 50 வேண்டும். தேர்வில் மட்டும் 45 சதவீதம் வேண்டும். இன்டர்னலில் 25 வாங்கியவருக்கு 100-க்கு எழுதும் தேர்வில் 45 எடுத்தாலே பாஸ். அந்த 25 தவறுதலாக 15 என்று பதிவாகிவிட்டால், அவர் 59 எடுத்தாக வேண்டும். ஓர் இலக்கம் மாறியதால் ஓர் அரியர்! செமஸ்டர் முடிவதற்குள் கவனித்தால் பாட ஆசிரியரிடமே சொல்லித் திருத்தலாம். ரிசல்ட் வந்தபின் அது பெரிய அலைச்சல்.

உள்ளே நுழையப் பதிவு எண்ணும் பிறந்த தேதியும் வேண்டும். 12 இலக்கப் பதிவு எண்ணில் முதல் நான்கு கல்லூரி, அடுத்த இரண்டு சேர்ந்த ஆண்டு, அடுத்த மூன்று பாடப்பிரிவு (கணினி அறிவியலுக்கு 104, இயந்திரவியலுக்கு 114), கடைசி மூன்று வரிசை எண். ஆகவே உங்கள் எண்ணை வகுப்பில் யாரும் ஊகித்துவிடலாம். மிஞ்சும் பூட்டு பிறந்த தேதி ஒன்றுதான். அதையும் சேர்த்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது, ரிசல்ட் பார்த்துத் தருவதாக வரும் முன்பின் தெரியாத லிங்கில் தட்டுவது இரண்டும் ஆபத்து. பிரவுசிங் சென்டரில் பார்த்தால் லாக் அவுட் செய்துவிட்டு எழுந்திருங்கள்.

தளத்தில் உங்கள் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கின்றனவா என்பதை முதல் செமஸ்டரிலேயே சரிபாருங்கள். பட்டச் சான்றிதழ் அச்சாகி, பாஸ்போர்ட்டுக்கோ வேலைக்கோ போய் நிற்கும்போது பிழை தெரிந்தால் அவஸ்தை அதிகம். மறுமதிப்பீடு கேட்பவர்கள் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாள் வெகு சீக்கிரம் வந்துவிடும். தன்னாட்சிக் கல்லூரிகளில் தேர்வையும் ரிசல்ட்டையும் கல்லூரியே பார்த்துக்கொள்வதால், அங்கு படிப்பவர்கள் கல்லூரியின் தளத்தைத்தான் திறக்க வேண்டும்.

வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்லித்தர ஆள் இருக்காது. சீனியர் மாணவர்களே, உங்கள் தெருவில் அப்படி ஒரு தம்பியோ தங்கையோ இருந்தால், இந்த வாரமே உட்கார்ந்து ஒருமுறை தளத்தைத் திறந்து காட்டுங்கள்.