இரவில் நங்கூரமிடற்குரிய துறை

கரையோரமாகப் பாய்விரித்துச் செல்லும் கலம் இராத்தங்குதற்குரிய துறை யாது என்னும் வினாவுக்கு விடை காற்றையே சார்ந்தது. வல்வெட்டித்துறை வடக்கே திறந்த கடலை நோக்கியது. சோளகம் வீசும் மாதங்களில் நிலம் காற்றை மறைத்தலால் ஆங்குக் கலங்கள் அமைதியாய்க் கிடக்கும். வாடை தொடங்கிய பின்னரோ அதே துறையில் அவை கரையில் மோதி உடையவுங் கூடும். தீவுகளுக்கிடையே ஒதுங்கிய ஊர்காவற்றுறை அப்போது புகலிடமாகும். காற்று நள்ளிரவில் திரும்பவுங் கூடுமாதலின், மாலைக் காற்றை மட்டும் நம்பித் துறை தெரிதல் பேதைமை.

கடலடித்தளமும் ஆராயற்பாலது. சேறும் மணலும் நங்கூரத்தைப் பற்றும்; பாறையில் அது வழுக்கும், அன்றேற் சிக்கிக்கொள்ளும். கயிறு ஆழத்தின் 7 மடங்கேனும் விடப்படல் வேண்டும். 5 பாக ஆழத்துக்கு 35 பாகம். குறைந்தால் நங்கூரம் மேல்நோக்கி இழுபட்டுப் பெயரும். அக்கயிற்றிற் கலம் சுழலும் வட்டத்துள் பாறையோ பிறிதொரு கலமோ இருத்தலாகாது. ஒளி மங்குமுன் துறையை அடையாதவன் இவற்றுள் ஒன்றையுங் காணான். அவன் ஆழ்கடலிலேயே இரவைக் கழித்தல் நன்று.