கூண்டுக் கதவைத் திறக்குமுன்

சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கென நிற்கும் சில்வர் ஓக் மரத்தை அறியாதார் நம்முள் இலர். மிளகுக்கொடி தழுவி ஏறும் அம்மரம் நம் மண்ணுக்கு உரியதன்று. ஆஸ்திரேலியாவின் கீழ்த்திசைக் காடுகளினின்று வந்து குடியேறியது. காப்பியும் வந்ததுதான், சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை 1820களில் அதனை இம்மலைக்குக் கொணர்ந்தார். இப்பொழுது அதே ஆஸ்திரேலியத் திசைக்குரிய மற்றொரு சிற்றுயிர் தமிழகத்து வீடுகள் சிலவற்றில் கூண்டோடு வந்து சேர்கின்றது. சுகர் கிளைடர் என்பது அதன் பெயர்.

இதனைப் பழக்குவது எப்படி, கூண்டைவிட்டு வெளியே எடுப்பது எப்படி என்று இளைஞர் கேட்கின்றனர். பங்குக் குருவிடம் கேட்கத்தக்க கேள்வியா இது எனச் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் விலங்குகளுக்கு நாம் கனிவு காட்டக் கடமைப்பட்டவர்கள் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் கூறி, அசிசி நகர்ப் புனித பிரான்சிசையும் புனித பிலிப்பு நேரியையும் நமக்கு நினைவூட்டுகின்றது. ஆகவே கேள்வி தகுந்ததே.

கடைக்காரர் இதனைப் 'பறக்கும் அணில்' என்பர். இஃது அணிலும் அன்று, பறப்பதும் அன்று. கங்காருவைப்போல் குட்டியை வயிற்றுப்பையில் வளர்க்கும் இனத்தைச் சேர்ந்தது. 16 நாட்களே கருவிலிருந்து பயற்றளவாய்ப் பிறக்கும் குட்டி, ஏறத்தாழ 70 நாட்கள் தாயின் பையிலேயே வளர்கின்றது. நன்கு வளர்ந்த விலங்கின் எடை 100 முதல் 150 கிராம்வரைதான். முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையேயுள்ள தோற்சவ்வை விரித்து, மரத்துக்கு மரம் 50 மீட்டர்வரை காற்றில் சறுக்கிச் செல்லும். நம் நாட்டுக் காடுகளில் வாழும் உண்மையான பறக்கும் அணில் வேறு. அதனைப் பிடிப்பதையும் வளர்ப்பதையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கின்றது. அயல்நாட்டு விலங்குகள் பயணப் பெட்டிகளில் ஒளித்துக் கொணரப்பட்டு விமான நிலையங்களில் பிடிபடுவதையும் நாளிதழ்களில் காண்கிறோம். ஆகையால் விற்பவர் உரிய சீட்டுகளைக் காட்டாவிடின் வாங்காதிருப்பதே முறை.

இனிப் பழக்கும் வகையைக் காண்போம். இவ்விலங்குக்குப் பகலே நள்ளிரவு. பள்ளிவிட்டு வந்த பிள்ளை ஆவலோடு கூண்டுக்குள் கைவிட்டு, உறங்குவதைப் பற்றி இழுத்தால் அது நடுங்கிப்போகும். மேலிருந்து இறங்கும் மனிதக் கைக்கும் ஆந்தையின் நகத்துக்கும் அது வேற்றுமை காண்பதில்லை. பழைய மாவுத்திரிகை அரைபடுவதுபோல் கரகரவென ஓசையிடும், கடிக்கவும் செய்யும். நாம் அதைக் கோபம் என்கிறோம். உண்மையில் அஃது அச்சமே. அஞ்சிக் கடித்ததை அடித்துத் திருத்த முயல்வோர் அதன் அச்சத்தை உறுதிப்படுத்துகின்றனர்.

வந்த முதல் இரண்டு மூன்று நாட்கள் அதனைத் தொடவே வேண்டா. வீட்டார் உடுத்திய துணித்துண்டு ஒன்றை, நகம் சிக்கும்படி நூல் பிரிந்திராததாய்ப் பார்த்து, கூண்டினுள் இடுங்கள். முகத்தால் அன்று, மணத்தாலேயே அது மனிதரை அறிகின்றது. பின்பு பகலில் அது உறங்கும் துணிப்பையோடு எடுத்து மார்போடு சேர்த்துத் தொங்கவிட்டுக்கொள்ளலாம். தாய் காய்கறி அரியும்போதும், தந்தை செய்தித்தாள் படிக்கும்போதும் அங்கேயே உறங்கட்டும். குடும்பச் செபமாலை வேளையிலும் வைத்திருக்கத் தடையில்லை. செபமாலையில் உறங்குவது அது ஒன்று மட்டுமே என்றால் மகிழ்வேன்.

இருட்டியபின் விழித்திருக்கும் வேளையில் விரல் நுனியில் ஒரு துளித் தேனைத் தடவி, திறந்த உள்ளங்கையைக் கீழிருந்து நீட்டுங்கள். அது தானே ஏறி வரும்வரை காத்திருங்கள். சில நாட்களில் வரலாம். சில மாதங்களும் செல்லலாம். வாலைப் பிடித்துத் தூக்குதல் அறவே ஆகாது. கையில் ஏறக் கற்றபின்னரே கூண்டுக்கு வெளியே உலவ விடலாம். சிறிய அறையாய் இருத்தல் நலம். சன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, தண்ணீர் வாளியை மூடி, பூனையை வெளியே அனுப்பிவிட்டே கூண்டுக் கதவைத் திறக்க வேண்டும். திரும்பக் கூண்டில் அடைக்கவென்று துரத்திப் பிடித்தீர்களானால், ஒரு மாத உழைப்பு ஒரு நொடியில் வீணாகும். துணிப்பையை விரித்து நீட்டினால் அதுவே நுழைந்துகொள்ளும்.

ஏற்காட்டுக் குடும்பங்கள் தனியே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள நம் ஊரில் மார்கழி, தை இரவுகளின் குளிர் யாவரும் அறிந்ததே. கடுங்குளிரில் இவ்விலங்கு உடற்சூடு தணிந்து, விறைத்து, செத்ததுபோல் கிடக்கும். இறந்ததென்று எண்ணிப் புதைக்கத் துணியாதீர்கள். உடலோடு அணைத்து மெல்லச் சூடேற்றினால் விழிக்கக்கூடும். கூண்டைச் சன்னலோரத்திலும் தாழ்வாரத்திலும் வைத்தலாகாது.

இதனினும் பெரிய துன்பம் தனிமை. காட்டில் ஒரே பொந்தில் கூட்டமாய் உறங்கும் இனம் இது. ஒற்றையாய் அடைபட்டால் ஏங்கி, தன் மயிரைத் தானே பிடுங்கும். தன் உடலைத் தானே கடித்துக் குதறுவதும் உண்டு. எனவே வளர்ப்பதாயின் இரண்டேனும் வேண்டும். நன்கு பேணினால் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். பத்தாம் வகுப்பு மாணவன் கிறிஸ்துமஸ் பரிசாகக் கேட்டதை, அவன் வேலைக்குச் சென்றபின்னும் தாயே பராமரிக்க நேரும். பழம் மட்டும் கொடுத்து வளர்த்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து பின்னங்கால்கள் செயலிழக்கும். பூச்சியுணவும் கட்டாயம் வேண்டும். ஏழைக்குச் சேரவேண்டிய பணத்தை விலங்குக்குச் செலவிடுவது தகாது என்றும் அதே மறைக்கல்வி நூல் சொல்வதைப் பெற்றோர் எண்ணிப் பார்த்தல் நலம்.

சலித்துப்போய், 'காட்டுயிர்தானே, காட்டில் விட்டுவிடுவோம்' என எவரும் எண்ணவேண்டா. டாஸ்மேனியத் தீவில் 19ஆம் நூற்றாண்டில் இவ்விலங்கு குடியேற்றப்பட்டது. அத்தீவில் மரப்பொந்தில் அடைகாக்கும் ஸ்விப்ட் கிளிகளின் முட்டைகளையும் தாய்க்கிளிகளையும் அது தின்றுவருவதை 2014ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு புலப்படுத்தியது. அக்கிளியினம் இன்று அழிவின் விளிம்பில் நிற்கின்றது. நம் மலையிலும் பொந்தில் முட்டையிடும் கிளிகளும் குக்குறுவான்களும் உண்டு. தேன்நிறைந்த சில்வர் ஓக் பூக்களும் உண்டு. குளிரில் மடியாது பிழைத்துவிட்டால் விளைவு யாருக்கு என்பதை நினைத்துப் பாருங்கள். வளர்க்க இயலாதோர், பேணத் தெரிந்த மற்றொரு குடும்பத்தைத் தேடி ஒப்படைப்பதே தக்கது. நோயுற்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகலாம்.

வனத்து அந்தோணியார் திருநாளாகிய ஜனவரி 17 அன்று ஆடுமாடுகளோடு இதனையும் மந்திரிக்கக் கொண்டுவரலாமா என்று கேட்கின்றனர். தாராளமாய்க் கொண்டுவாருங்கள். பகல் வேளையாதலால் எழுப்ப வேண்டா. பையிலேயே உறங்கட்டும், தீர்த்தத்தைப் பையின்மேல் இரண்டு துளி தெளித்தால் போதும்.