கைதட்டலைச் சுத்தம் செய்யாதீர்கள்!

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். உள்ளே பத்துப் பதினைந்து கேஸட்டுகள். அக்கா கல்யாணத்து நாதஸ்வரம், தம்பி மழலையில் சொன்ன திருக்குறள், லேபிள் உரிந்துபோன மர்ம கேஸட் ஒன்று. அதைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதாக உத்தேசமா? ஒரு நிமிஷம் பொறுங்கள் ஸார்.

என்னிடம் இருப்பவை கொஞ்சம் வேறு ரகம். எல்லாம் ராக் கச்சேரிகள். கம்பெனி வெளியிட்ட ஒரிஜினல் அல்ல. கூட்டத்தோடு கூட்டமாக நின்ற ஏதோ ஒரு ரசிகர், சட்டைக்குள் டேப் ரிகார்டரை மறைத்து வைத்துப் பதிவு செய்தவை. பாட்டு பாதி, விசில் மீதி. இவற்றைத் தேடிப் பிடித்து, துடைத்து, கம்ப்யூட்டரில் ஏற்றிப் பாதுகாப்பதுதான் என் ஞாயிற்றுக்கிழமை வேலை. மற்ற ஆறு நாளும் ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் போல்ட்டுக்கும் பேரிங்குக்கும் விலை பேசுகிறேன்.

ஓசூருக்கும் ராக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் நாற்பது கிலோமீட்டர். அத்திப்பள்ளியைத் தாண்டினால் கர்நாடகம். இன்னும் கொஞ்ச தூரத்தில் பெங்களூர். எங்கள் ஊரில் தமிழில் விலை கேட்டு, தெலுங்கில் பேரம் பேசி, கன்னடத்தில் சில்லறை வாங்கலாம். இங்கிலீஷில் கத்துகிற பாட்டு மட்டும் என்ன பாவம் செய்தது?

பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் 2002ல் ரோஜர் வாட்டர்ஸ் பாடினார். 2007 மார்ச் 17ல் அயர்ன் மெய்டன். 2011 அக்டோபர் 30ல் மெட்டாலிகா. இரண்டு நாள் முன்பு குர்கானில் நடக்க வேண்டிய கச்சேரி ரத்தானதால், அந்தக் குழுவின் முதல் இந்தியக் கச்சேரி என்ற பெருமை பெங்களூருக்கு வந்தது. 2003 ஏப்ரலில் ரோலிங் ஸ்டோன்ஸும் பெங்களூர் வந்து போனார்கள். சென்னைக்காரர் ராத்திரி ரயில் பிடிக்க வேண்டும். நாங்கள் முதல் ஷிஃப்ட் முடித்து பஸ் ஏறினால் போதும். திரும்பி வருவதுதான் சிரமம். கடைசி பஸ் போயிருக்கும். மாம்பழக் கூடைகளோடு லாரியில் வந்தவர்களும் உண்டு.

கச்சேரியைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்யும் வியாதி ரொம்பப் பழசு. நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆபராவில் லயனல் மேப்பிள்சன் என்று ஒரு நூலகர் இருந்தார். 1901 முதல் 1903 வரை, நடந்துகொண்டிருந்த ஆபராக்களையே மெழுகு உருளைகளில் பிடித்து வைத்தார். கரகரவென்றுதான் கேட்கும். ஆனால் அந்தக் காலத்துப் பெரிய பாடகர்கள் சிலர் மேடையில் எப்படிப் பாடினார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

எங்கள் ஜாதிக்குக் குலதெய்வம் மைக் மில்லார்ட். 1970களில் லாஸ் ஏஞ்சலிஸில் வாழ்ந்த ஆசாமி. நன்றாக நடக்கக் கூடியவர். ஆனால் கச்சேரிக்கு மட்டும் சக்கர நாற்காலியில் போவார். ஸீட்டுக்கு அடியில் நாகமிச்சி டேப் ரிகார்டர்! 1977 ஜூனில் அவர் பதிவு செய்த லெட் ஸெப்பலின் கச்சேரியை இன்றைக்கும் ரசிகர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். கிரேட்ஃபுல் டெட் குழு வேறு மாதிரி. மறைப்பானேன் என்று, 1984ல் டேப் ரிகார்டர்காரர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கிக் கொடுத்தது.

நம்மூரும் சளைத்ததில்லை. சபாக்களில் மடியில் ரிகார்டரோடு உட்கார்ந்த மாமாக்கள் இல்லாவிட்டால், பழைய வித்வான்களின் எத்தனையோ கச்சேரிகள் காற்றோடு போயிருக்கும்.

சரி, கேஸட்டை எப்படிப் பிழைக்க வைப்பது?

முதலில் பார்வை. வெள்ளையாகப் பூஞ்சை இருந்தால் ஓட்டவே கூடாது. ஒரு கேஸட்டின் பூஞ்சை ப்ளேயருக்குப் போய், அடுத்த கேஸட்டுக்கும் ஒட்டும். உள்ளே டேப்பை ஹெட்டில் அழுத்துகிற குட்டி கம்பளித் துண்டு பசை விட்டு விழுந்திருக்கும். அப்போது வேறு கேஸட்டின் கூட்டுக்கு டேப்பை மாற்ற வேண்டும். ஐந்து திருகாணிதான், மூச்சை அடக்கிக்கொண்டு கழற்ற வேண்டும்.

அடுத்து, ஹெட்டின் கோணம். பதிவு செய்த மெஷினின் ஹெட் ஒரு சாய்வில் இருந்திருக்கும், உங்களுடையது வேறு சாய்வில். அதனால்தான் போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி கேட்கிறது. ஹெட் பக்கத்துச் சின்ன ஸ்க்ரூவை மயிரிழை திருப்பினால், டிரம்ஸின் தாளத்தட்டு சட்டென்று 'ஜிங்' என்று கேட்கும். அதற்குப் பெயர் ஆனந்தம்.

மூன்றாவது வேகம். ரிகார்டரில் பாட்டரி தீரத் தீர டேப் மெதுவாக ஓடியிருக்கும். அதை நாம் சரியான வேகத்தில் போட்டால் பாட்டு வேகமாக, கீச்சென்று வரும். கிடாரின் 'ஏ' கம்பிக்கு 110 ஹெர்ட்ஸ் சுருதி. கம்ப்யூட்டரில் அது 113 என்று காட்டினால் டேப்பை அந்த அளவுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும். சில குழுக்கள் வேண்டுமென்றே சுருதி இறக்கி வாசிப்பார்கள். அதை முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

கடைசியாக இரைச்சல். இங்கேதான் ஆபத்து. 'உஸ்ஸ்' சத்தத்தை நீக்க சாஃப்ட்வேர் இருக்கிறது. ஆனால் அதற்குக் கைதட்டலுக்கும் இரைச்சலுக்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாது. கொஞ்சம் அதிகம் போனால் ஜனங்களையும் சேர்த்து விழுங்கிவிட்டு, கிணற்றுக்குள் நடந்த கச்சேரி மாதிரி ஆக்கிவிடும்.

என் மூத்த நண்பர் ஒருவர், டூல் ரூமில் வேலை பார்த்தவர், 2003 ஸ்டோன்ஸ் கச்சேரியை வாக்மேனில் பதிவு செய்திருந்தார். 90 நிமிஷ கேஸட். 45 நிமிஷம் ஆனதும் திருப்பிப் போடுகிற 'டக்' கூட அதில் இருக்கிறது. 2021ல் கொரோனாவில் போய்விட்டார். போன வருஷம் அவர் பையன் கேஸட்டோடு வந்தான்.

"அங்கிள், இதுல அப்பா குரல் இருக்காம். அம்மா சொன்னாங்க."

இருந்தது. இரண்டாம் பக்கம், இரண்டு பாட்டுக்கு நடுவில்: "டேய், தள்ளி நில்லுடா, மைக்கை மறைக்கிற!" சேகரிப்பவர் கணக்குப்படி அது குறை, வெட்ட வேண்டிய இடம். நான் இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்று, சங்கீதத்துக்காகச் சுத்தம் செய்தது. இன்னொன்று, வேகத்தை மட்டும் சரி செய்து மற்றதைத் தொடாமல் விட்டது. பையன் இரண்டாவதைத்தான் எடுத்துப் போனான். அவன் அம்மா கேட்டுவிட்டு போனில் சொன்னார்: "அவ்வளவு சத்தத்துல இவர் ஒருத்தர்தாங்க தமிழ்ல பேசறார்."

சட்டம் என்ன சொல்கிறது? 1957 காப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, பதிவு செய்தவர் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்வதை மன்னிக்கிறது. காசுக்கு விற்றால் மன்னிக்காது. உண்மையான சேகரிப்பாளர்களும் விற்க மாட்டார்கள். பழைய நாளில் வெற்று கேஸட்டும் தபால் செலவும் அனுப்பினால் பிரதி எடுத்து அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

எந்த ஊர், எந்த வருஷம், எந்த மெஷின், யார் பதிவு செய்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். தொடாத பிரதி ஒன்றைத் தனியே வைத்துக்கொண்டு, மற்றதில் வித்தையைக் காட்டுங்கள். முதல் தடவை ஓட்டும்போதே கம்ப்யூட்டரில் பதிவு செய்துவிடுவது உத்தமம். பழைய டேப் இரண்டாம் தடவை ஓடுவதாக யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை.

சொல்ல மறந்தேன். நடுவில் யாராவது இருமியிருந்தால், இருமட்டும். விட்டுவிடுங்கள்.