அலமாரிக்குள்ள ஒரு பழைய பொட்டி

செமஸ்டர் முழுக்க ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. இன்னிக்கு ஒரு பழைய பொட்டியைப் பத்தின கதை. கொஞ்சம் டெக்னிக்கல், கொஞ்சம் சொந்தக் கதை. பொறுத்துக்கங்க :-)

நியூஜெர்சில நாங்க நாலு பேர் இருக்கிற அபார்ட்மென்ட்டுல ஒரு டெஸ்க்டாப் இருக்கு. படிச்சு முடிச்சுட்டுப் போன சீனியர் 40 டாலருக்குக் கொடுத்துட்டுப் போனது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம் 2.0 சிப் வேணும், இதுல அது இல்லை. விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-ஓட வழக்கமான ஆதரவு முடிஞ்சு போச்சு. குப்பையில போட மனசு வராம லினக்ஸ் ஏத்தி, துணி மாட்டுற அலமாரிக்குள்ள வெச்சுட்டேன். மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது. கரன்ட் ஒயரும் நெட் ஒயரும் மட்டும்தான்.

கண்ணுக்கு எதிர்ல இல்லாத பொட்டியை எப்படி ஓட்டறது? எஸ்.எஸ்.எச்தான். 1995-ல ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்குல யாரோ ஒட்டுக்கேட்டு பாஸ்வேர்டுகளைத் திருடினாங்க. அங்க இருந்த டாட்டு ய்லோனென் அதுக்குப் பதிலா எழுதினதுதான் இது. அதுக்கு முன்னாடி இருந்த டெல்நெட்டுல பாஸ்வேர்டு அப்படியே பச்சையா ஒயர்ல போகும். தபால் கார்டுல ஏ.டி.எம் பின் நம்பரை எழுதி அனுப்பற மாதிரி.

அடுத்தது டிஸ்கை எல்லாரும் பங்கு போட்டுக்கணும். அதுக்கு சாம்பா. ஆஸ்திரேலியாவுல பி.எச்.டி பண்ணிக்கிட்டிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், தன்னோட பி.சி.யிலிருந்து யுனிக்ஸ் மெஷின் டிஸ்கைப் பார்க்கணும்னு 1991-92 வாக்குல எழுதினது. விண்டோஸ் பேசுற எஸ்.எம்.பி பாஷையை இது பேசும். எஸ், எம், பி எழுத்துக்கள் வர்ற வார்த்தையை அகராதிக் கோப்புல தேடி எடுத்த பேராம். ஆராய்ச்சி மாணவன்னா இப்படி இருக்கணும். நானும் இருக்கேனே!

ஆக, பிரிண்டர் ஒண்ணு, டிஸ்க் ஒண்ணு, நாலு பேருக்கும் பொது. 'பொது'ன்னு ஒரு ஃபோல்டர், யார் வேணா எழுதலாம், அழிக்கலாம். இங்கதான் வினை.

அப்பா 90-கள்ல பாட்டியைக் கதை சொல்ல வெச்சு கேசட்டுல பதிஞ்சு வெச்சிருந்தார். மொத்தம் 38 கேசட். போன தடவை தஞ்சாவூர் போனப்ப பார்த்தா பாதி பூஞ்சை பிடிச்சுக் கிடந்தது. துடைச்சுத் துடைச்சு ஓட்டி, எல்லாத்தையும் எம்.பி.3 ஆக்கிக் கொண்டு வந்தேன். லேப்டாப்புல இடம் இல்லைன்னு 'பொது'வுல போட்டேன். காப்பி பண்ணலை, கட் பண்ணி பேஸ்ட் பண்ணேன். திட்டறவங்க வரிசையில வாங்க.

கோடை இன்டர்ன்ஷிப்புக்கு சான் ஹோசே வந்திருந்தேன். ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு அப்பா போன். "தம்பி, நாளன்னிக்கு பாட்டி திதி. அந்த நல்லதங்காள் கதையைக் கொஞ்சம் அனுப்புப்பா, அத்தை கேக்கணும்ங்கறா."

"ரெண்டு நிமிஷம்ப்பா"ன்னுட்டு உள்ள நுழைஞ்சேன். ஃபோல்டரே இல்லை.

நியூஜெர்சில அப்ப மணி ஒண்ணு. ரூம்மேட்டை எழுப்பினேன். முந்தின நாள் வந்த விருந்தாளி ஒருத்தர் படம் இறக்க இடம் பத்தலைன்னு "பழைய ஃபைலை" அழிச்சிருக்கார். நெட்வொர்க் வழியா அழிச்சா விண்டோஸ் குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாது, நேரா பரலோகம்தான்.

"மச்சி, ஒண்ணும் பண்ணாத, முதல்ல ஒயரைப் பிடுங்கு"ன்னேன். காரணம் இருக்கு. பழைய சுழல்தட்டு ஹார்ட் டிஸ்குல அழிச்ச ஃபைல் உடனே போயிடாது. அந்த இடம் காலின்னு குறிச்சு வெச்சிருக்கும், அவ்வளவுதான். மேல வேற எதுவும் எழுதாத வரைக்கும் உள்ள இருக்கும். பொட்டி ஓடிக்கிட்டே இருந்தா லாக் எழுதியே நம்ம பொழைப்பைக் கெடுத்துடும்.

தூக்கக் கலக்கத்துலயே அவன் யு.எஸ்.பி.ல லினக்ஸ் போட்டு பூட் பண்ணான். போன்ல ஒவ்வொரு எழுத்தா சொல்லி எஸ்.எஸ்.எச்சை ஓட விட்டோம். அப்புறம் நான் இங்கிருந்து நுழைஞ்சு, போட்டோரெக்னு ஒரு இலவச மென்பொருளை ஓட்டினேன். மீட்டதையெல்லாம் வேற டிஸ்குல இறக்கச் சொல்லிட்டு உக்காந்திருந்தேன். விடியும்போது 31 வந்துச்சு. ஏழு போயிடுச்சு.

போட்டோரெக் ஃபைலை மீட்கும், பேரை மீட்காது. 31-ம் வெறும் நம்பர். எது நல்லதங்காள்னு தெரிய ஒவ்வொண்ணா கேட்டேன். நடுவுல பாட்டி "டேய், மெஷின் ஓடுதா?"ன்னு அப்பாவை அதட்டறது, வெத்தலை இடிக்கிற சத்தம், தெருவுல பால்காரர் மணி... கேசட்டை மாத்தினப்ப இதையெல்லாம் நான் கேக்கவே இல்லை. பதினேழாவது ஃபைல்ல நல்லதங்காள் கிடைச்சா. திதிக்கு அத்தை கேட்டுட்டாங்க.

பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது:

1. பங்கு போடறது வேற, சாவியைக் கொடுக்கறது வேற. படிக்க மட்டும் அனுமதி போதும். சாம்பாவுலயே 'ரீசைக்கிள்'னு ஒரு வசதி இருக்கு, போட்டா அழிச்சது தனி ஃபோல்டருக்குப் போகும்.

2. எஸ்.எம்.பி கதவை இன்டர்நெட்டுக்குத் திறக்கவே கூடாது. 2017 மே மாசம் வான்னாகிரை பழைய எஸ்.எம்.பி ஓட்டை வழியாத்தான் பரவி, பிரிட்டன் ஆஸ்பத்திரிகளை முடக்குச்சு. எஸ்.எஸ்.எச்சுக்கும் பாஸ்வேர்டு வேண்டாம், சாவிக் கோப்பு வெச்சுக்கங்க. முடிஞ்சா வயர்கார்டு மாதிரி வி.பி.என்னுக்குப் பின்னாடி வைங்க.

3. கரன்ட் கணக்கையும் பாருங்க. 60 வாட் பொட்டி வருஷம் முழுக்க ஓடினா 525 யூனிட். யூனிட் 20 சென்ட்டுன்னா 105 டாலர். 40 டாலர் பொட்டி ரெண்டரை மடங்கு தின்னுடும்.

4. ஒரே ஒரு காப்பி இருந்தா அது காப்பியே இல்லை.

இன்டர்ன்ஷிப் முடியறதுக்குள்ள பெர்க்லி வரைக்கும் போயிட்டு வந்தேன். 1999 மே மாசம் செட்டி அட் ஹோம் அங்கதான் ஆரம்பிச்சது. உலகம் முழுக்க வீட்டுப் பொட்டிகள் சும்மா இருக்கற நேரத்தை வாங்கி, அரேசிபோ தொலைநோக்கிக்கு வந்த இரைச்சல்ல வேற்றுக்கிரகக் குரல் இருக்கான்னு தேடினாங்க. 2020 மார்ச்சோட புதுசா வேலை அனுப்பறதை நிறுத்திட்டாங்க. இருபது வருஷத்துல அவங்களுக்குக் குரல் எதுவும் உறுதியாக் கிடைக்கலை. எனக்கு ஒரே ராத்திரியில 31 கிடைச்சுது.

டிஸ்கி: அந்த 31-ம் இப்ப மூணு இடத்துல இருக்கு. ஒண்ணு தஞ்சாவூர்ல, அப்பாவோட பென் டிரைவ்ல. போன ஏழு கேசட்டையும் மறுபடி ஓட்டிப் பார்க்கணும். பூஞ்சை பிடிச்ச கேசட்டைச் சுத்தம் பண்ணத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க மக்களே. டிசம்பர்ல ஊருக்குப் போறேன்.